குடும்பப் படமா? மாதச் செலவு யார் கையில் என்று பாருங்கள்

‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் போடும் படம் வேறு, குடும்பத்தைப் பற்றிய படம் வேறு. முன்னதற்கு ஆபாசமும் வெட்டுக்குத்தும் இல்லாமல் இருந்தால் போதும். பின்னதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார், வரும் பணம் எங்கே போகிறது, யார் சமைக்கிறார், இரவில் யார் எங்கே படுக்கிறார் என்ற நான்கும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டால் அந்தப் படம் பெரும்பாலும் கடைசிவரை தன் காலில் நிற்கும். தெரியாமலே போனால் பாதிக்கு மேல் கதையை நகர்த்த ஒரு விபத்தோ, பெரிய நோயோ, வெளியிலிருந்து வரும் ஒரு கெட்டவனோ தேவைப்படும். வீட்டுக்குள் சண்டை வருவதற்கான காரணங்களைத் திரைக்கதை முன்பே சேர்த்துவைக்காததுதான் இதற்குக் காரணம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், நம் குடும்பப் படங்களில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, எவை பாட்டுக்காக மட்டும் நினைவில் இருக்கின்றன என்பது தெளிவாகும். கதை முடிவுகளையும் சேர்த்தே பேசப்போகிறேன்; பார்க்காதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’. ஏவி.எம். தயாரிப்பு, 1986. மேடை நாடகமாக இருந்த கதை என்பதால் படத்தில் மேடை வாசனை நிறையவே உண்டு: ஆட்கள் வரிசையாக நின்று பேசுவார்கள், கேமரா பெரும்பாலும் கூடத்தை விட்டு நகராது, ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் வாயைத் திறப்பார். இன்றைய ரசனைக்கு இது சிரமம் தரலாம். ஆனாலும் படம் பழசாகவில்லை, ஏனென்றால் சண்டை தொடங்கும் இடம் அவ்வளவு துல்லியமானது. மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்) அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக் கொடுக்கிறான். சாப்பிடும் ஆள் ஒன்று குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும் என்பது அவன் கணக்கு. கணக்காகப் பார்த்தால் அதில் பிழையே இல்லை. அதனால்தான் அப்பா அம்மையப்ப முதலியாருக்கு அவ்வளவு வலிக்கிறது. வார்த்தை முற்றி, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அப்பா. சொத்துத் தகராறு, வில்லன், தீராத நோய் எதுவும் இல்லாமல், ஒரு மாதச் செலவுத் தொகையை வைத்து முழுப் படத்தையும் நகர்த்த முடியும் என்று காட்டிய படம் இது.

இரண்டாவது மகன் சிவாவின் பிரச்சினையையும் கவனியுங்கள். கல்யாணமான புதிது. பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்கும் தம்பிக்கு இரவெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். மனைவி வசந்தா காத்திருந்து காத்திருந்து கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய்விடுகிறாள். கூட்டுக் குடும்பத்தில் புதுத் தம்பதிக்கு இடமும் நேரமும் கிடைக்காது என்ற, எல்லா வீட்டுக்கும் தெரிந்த, எந்த வீட்டிலும் பேசாத விஷயத்தை 1986லேயே வாய்விட்டுப் பேசிய திரைக்கதை.

லட்சுமி நடித்த மூத்த மருமகள் உமாதான் படத்தின் அச்சாணி. பிரிந்தவர்கள் எல்லோரையும் அவளே சேர்த்துவைக்கிறாள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் திரும்பி வரும் அந்த நேரத்தில், வேண்டாம், தனித்தனியாக இருந்து அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம், அப்போதுதான் பாசம் மிஞ்சும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். வழக்கமான குடும்பப் படம் வணக்கம் போடும் இடத்துக்கு ஒரு அடி தள்ளிப்போய் இந்தப் படம் முடிகிறது. ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது தமிழுக்கு முதலில் வந்தது இதற்குத்தான். வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா, முதலியாருடைய மகளின் மாமனார் ஆல்பர்ட் பெர்னாண்டஸின் வீட்டுக்கே போய்ப் பேசும் காட்சியை நகைச்சுவைத் துணுக்காகத் தனியே வெட்டிப் பார்த்தவர்கள் ஒருமுறை படத்தோடு சேர்த்துப் பாருங்கள். சம்பளம் வாங்கும் பெண்மணி அந்த வீட்டின் மானத்தைத் தன் மானமாக எடுத்துக்கொள்வதன் கனம் அப்போதுதான் தெரியும். நகைச்சுவைத் துணைக்கதைகள் சில நீளம், அவற்றைச் சுருக்கியிருக்கலாம்.

அடுத்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). இந்தியக் குடும்பப் படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சுதா (அர்ச்சனா) அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். தங்கையும் தாத்தாவும் அவளை நம்பி இருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடினால் அட்வான்ஸ் தொகையே கையை மீறிப் போகிறது. உடன் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், சொந்தமாகக் கட்டிவிடேன் என்கிறார். வளசரவாக்கத்தில் தாத்தாவுக்கு இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டலாம், மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கதை இவ்வளவுதான். அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரு வீடு கல் கல்லாக எழும்புவதும் நிற்பதும்தான்.

இதில் பாலு மகேந்திரா செய்த பெரிய காரியம், கட்டுமானத்தை உருவகமாக மாற்றாமல் கட்டுமானமாகவே விட்டுவைத்தது. மழை வந்தால் வேலை நிற்கிறது. வேலை நின்றால் செலவு கூடுகிறது. செலவு கூடினால் கடன் கேட்க வேண்டியிருக்கிறது. கடன் கேட்டால் கொடுப்பவன் வேறொன்றைக் கேட்கிறான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட எழுதுபவரின் வசதிக்காகப் போட்டதாகத் தெரியாது. ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் கடத்துவதைச் சித்தாள் மங்கம்மா போட்டுடைக்கும் காட்சியில் ‘பசி’ சத்யா எழுந்து நிற்கும் விதம், ஒரு வேலைத்தளத்தில் யார் பேசலாம் யார் பேசக்கூடாது என்ற முழு ஏற்பாட்டையும் ஒரே நொடியில் கவிழ்த்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் விலகிய பிறகு வேலை தொடர்வது அவளுடைய தைரியத்தால்தான். சுதா குனிந்து குனிந்து கணக்குப் பார்ப்பது, களைத்து வந்து உட்கார்வது, பணம் கேட்கப் போகுமுன் ஒரு கணம் தயங்குவது என்று அர்ச்சனா செய்வதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்கு வந்தது; சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது படத்துக்கு.

பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் புறப்பட்டுப் போகும் காட்சியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதிவிட்டார்கள். நாடக மேடையில் வாழ்ந்த சொக்கலிங்க பாகவதர்தான் அந்தத் தாத்தா. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே அவர் நடக்கிறார், தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதைச் சோகக் காட்சியாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். படத்தில் அந்த வீட்டை ஒரு வீடாகப் பார்க்கும் ஒரே ஆள் அவர். மற்ற எல்லோருக்கும் அதற்குள் அது கடனாகவும் அலைச்சலாகவும் மாறிவிட்டது. அந்த வித்தியாசம் முந்தைய ஒரு மணி நேரம் ரூபாய்க் கணக்காகவே ஓடியதால்தான் உறைக்கிறது. தாத்தாவின் மரணம் அங்கே கதையைத் திருப்ப வரவில்லை. கதை தன் வழியிலேயே போய்க் கடைசியில் குடிநீர் வாரியத்தின் வாசலில், பிறகு நீதிமன்றத்தில் போய் நிற்கிறது: கட்டிய மனை வாரியம் ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம். கட்ட அனுமதி கொடுத்ததும் ஓர் அரசு அலுவலகம், உன்னுடையது இல்லை என்பதும் ஓர் அரசு அலுவலகம்.

படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜா தன் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் பின்னணியாக வருகிறது. அதுவும் அளவாகத்தான். திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் ஒரே கை. பாலு மகேந்திராவின் அம்மா வீடு கட்டியபோது மனம் மாறிப்போனதைச் சிறுவயதில் பார்த்த நினைவிலிருந்து பிறந்த படம் என்று அவரே சொல்லியிருக்கிறார். குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், தங்கை இந்துவுக்குப் படத்தில் வேலையே இல்லை. அக்காவின் பாரம் எவ்வளவு என்று காட்டுவதற்கு மட்டுமே அவள் இருக்கிறாள்.

இதே சங்கிலியைப் பின்னோக்கி இழுத்தால் சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) வரும். கல்கத்தாவின் ஒடுங்கிய வீடு ஒன்று: வங்கியில் வேலை பார்க்கும் சுப்ரத, மனைவி ஆரதி, சின்ன மகன், படிக்கும் தங்கை, பெற்றோர். ஒரு சம்பளம் போதவில்லை. ஆரதி, பின்னல் இயந்திரத்தை வீடு வீடாகப் போய் விற்கும் வேலைக்குப் போகிறாள். ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமனார் பேச்சை நிறுத்திவிடுகிறார். மருமகளின் பணத்தைத் தொட மறுத்து, தான் படிக்கவைத்த மாணவர்களைத் தேடிப் போய்க் கண்ணாடிக்கும் உதவிக்கும் கை நீட்டுகிறார். மருமகளிடம் வாங்குவது அவமானம், மாணவனிடம் கேட்பது உரிமை என்று நினைக்கும் ஒரு பழைய மனத்தை ராய் கேலி செய்யவேயில்லை. முதல் சம்பள நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மாதவி முகர்ஜி கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் காட்சிக்கு வசனம் கிடையாது, தேவையும் இல்லை. கணவன் வேலையை விடச் சொல்கிறான், அவளும் ராஜினாமாக் கடிதத்தோடு அலுவலகம் போய்விடுகிறாள். அதே நாளில் அவன் வங்கி மூடப்பட்டு, விட்டுவிடாதே என்று அவனே போன் செய்ய வேண்டியிருக்கிறது. அன்பு, பெருமை, பொறாமை மூன்றும் சம்பளத் தேதியைச் சுற்றி ஆடுகின்றன. சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது பெர்லினில் ராய்க்குக் கிடைத்தது இதற்கு. நாத்தியாக வரும் பெண்ணைப் பாருங்கள்; ஜெயா பாதுரியின் முதல் படம் அது.

இந்த மூன்றுக்கும் நேர் எதிரில் நிற்பது ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ (1994). சூரஜ் பர்ஜாத்யா இயக்கியது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், 14 பாட்டு. நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு என்று சடங்கு சடங்காக நகரும் படம். இந்தியா முழுக்கக் கல்யாண வீடுகளில் இதைப் பார்த்து ஆடினார்கள் என்பதில் வியப்பில்லை. மணமகனின் காலணியை மைத்துனிகள் ஒளித்துவைத்துப் பணம் கேட்கும் பாட்டில் இருக்கும் உற்சாகம் இன்றும் குறையவில்லை. மாதுரி தீட்சித் சட்டகத்துக்குள் வந்தாலே காட்சி நிமிர்ந்து உட்காருகிறது. ஆனால் அந்த வீட்டில் பணம் என்ற பேச்சு வருவது இப்படி விளையாட்டாக மட்டும்தான். எல்லோருக்கும் எல்லாம் இருக்கிறது, எல்லோரும் நல்லவர்கள், சமையலை வேலையாள் பார்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் கதைக்குத் தேவையான துன்பம் எங்கிருந்து வரும்? அண்ணி மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துபோகிறாள். அதன் பிறகான தியாகம் முழுக்க அந்த ஒரு படியில் தொங்குகிறது. பாட்டுக்காக, கூட்டத்துக்காக, ஒரு காலத்தின் ஆசைக்காக இதைத் தாராளமாகப் பார்க்கலாம். குடும்பம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. இதற்குப் பின் வந்த எத்தனையோ பிரம்மாண்டக் குடும்பப் படங்கள் இதன் மாளிகையை மட்டும் பெரிதாக்கிக்கொண்டன, உற்சாகத்தை விட்டுவிட்டன.

சமையலறைக்குள் போவோம். ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021 ஜனவரியில் இணையத்தில் நேரடியாக வெளிவந்தது. ஏறக்குறைய 100 நிமிடம். கணவன், மனைவி, மாமனார் யாருக்கும் பெயர் கிடையாது. முதல் பகுதி முழுவதும் அரிவது, வதக்குவது, பரிமாறுவது, எடுப்பது, துடைப்பது, கழுவுவது, மறுபடியும் அரிவது. சில விமர்சனங்கள் இதைச் சலிப்பு என்றன. அந்தச் சலிப்புதான் படம். ஒருமுறை காட்டினால் அது சமையல், பத்து முறை காட்டினால்தான் அது வேலை.

எழுத்தின் நுட்பம் மாமனாரின் கோரிக்கைகளில் இருக்கிறது. அவர் ஒருபோதும் கத்துவதில்லை. மெதுவான குரலில், சிரித்த முகத்தோடு, சோறு குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் வைத்தால் நல்லது என்கிறார். துணியைக் கையால் துவைத்தால் நீண்ட நாள் வரும் என்கிறார். சம்மந்தி (துவையல்) அம்மியில் அரைத்ததா என்று விசாரிக்கிறார். ஒவ்வொரு கோரிக்கையும் தனியாகப் பார்த்தால் ஒரு வயதானவரின் ருசி. சேர்த்துக் கூட்டினால் ஒரு பெண்ணின் நாளில் மீதியே இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அவள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள், கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். அந்த அழுக்குத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். எழுதும்போதே ஒரு குழாய்க்கசிவை உச்சக்காட்சிவரை கொண்டுபோகத் திட்டமிட்ட திரைக்கதை எத்தனை இருக்கிறது?

சுராஜ் வெஞ்ஞாரமூடு நடித்த கணவன் பள்ளி ஆசிரியர், அதுவும் குடும்பம் பற்றிப் பாடம் நடத்துபவர். அந்த வகுப்புக் காட்சி கொஞ்சம் சுட்டிக்காட்டுவதுபோல் இருக்கிறது. அதேபோல் மாதவிடாய், சபரிமலை விரதம் இரண்டும் வரும் பின்பகுதியில் படம் நேரடியாக வாதாடத் தொடங்குகிறது. முன்பகுதியின் மௌனம் எனக்கு அதைவிட வலுவாகப் பட்டது. ஆனால் நிமிஷா சஜயனின் முகம் வாதத்தை எப்போதும் உடம்புக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது: கையை முகர்ந்து பார்ப்பது, எச்சிலையும் எலும்புத் துண்டுகளையும் மேசையிலிருந்து வழித்தெடுக்கும்போது வரும் குமட்டல். 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க இதே பெயரில் தமிழிலும் எடுத்தார்கள். முதலில் மலையாளத்தையே பாருங்கள். வசனம் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது.

மலையாளத்திலிருந்து இன்னொன்று, ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019). கொச்சிக்குப் பக்கத்தில் காயலோரம், கதவே இல்லாத, பூச்சில்லாத வீடு. அதில் நான்கு சகோதரர்கள். அதற்கு எதிராக ஒழுங்கும் சுத்தமும் நிறைந்த இன்னொரு வீடு; அதற்கு மருமகனாக வந்த ஷம்மி (பகத் பாசில்) மெல்ல மெல்லத் தலைவனாகிக்கொண்டிருக்கிறான். சாப்பாட்டு மேசையில் அவன் எந்த நாற்காலியில் உட்காருகிறான், அதற்கு மற்றவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். முழுக் கதையும் அங்கேயே நடக்கிறது. பார்ப்பதற்கு அழகான வீடு பயங்கரமானதாகவும், இடிந்த வீடு வாழத்தக்கதாகவும் மாறும் இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஷியாம் புஷ்கரன் அவசரமே இல்லாமல் எழுதியிருக்கிறார். தமிழருக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. இஸ்திரிக்கடை முருகன் (ரமேஷ் திலக்), அவன் மனைவி சதி (ஷீலா ராஜ்குமார்). உழைப்பது முருகன், பங்கு வாங்கிக் குடித்துத் தீர்ப்பது மூத்தவன் சஜி. அந்தக் கடனை சஜி எப்படிச் சுமக்கத் தொடங்குகிறான் என்பதுதான் அந்தக் கதவில்லாத வீடு குடும்பமாகும் விதம். மனநல மருத்துவரிடம் சஜி அழும் காட்சியில் சௌபின் ஷாஹிர் செய்ததைப் பல நாள் மறக்க முடியாது. உச்சக்காட்சியில் பகத்தின் நடிப்பு ஒரு படி தூக்கலாகி வேறு வகைப் படத்துக்குப் போய்விடுகிறது. சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு அதற்கு முந்தைய அமைதியான மிரட்டல்தான் பிடித்தது. சின்னக் குழந்தைகள் அந்தக் கடைசிப் பகுதியில் பயப்படலாம்.

இந்தியில் அண்மைக்காலத்தில் வந்தவற்றில் ‘கபூர் அண்ட் சன்ஸ்’ (2016) குன்னூரில் நடக்கிறது. 90 வயதுத் தாத்தாவுக்கு ஒரே ஆசை, குடும்பமாக ஒரு போட்டோ. குழாய் பழுதுபார்க்க வந்தவர் வேலை செய்துகொண்டிருக்க, அவரைச் சுற்றியே வீட்டார் கத்திச் சண்டை போடும் காட்சி இயக்குநர் ஷகுன் பத்ராவின் கைத்திறனுக்குச் சான்று. ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசுகிறார்கள், நான்கும் புரிகிறது. சண்டைக்குக் காரணம் மனைவியின் தொழிலுக்காக வைத்திருந்த வைப்புத்தொகையைக் கணவன் உடைத்தது. மேலே சொன்ன கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது. ஆனால் எல்லா ரகசியமும் வெடித்த பிறகு, கதையைக் கட்டிமுடிக்க ஒரு கார் விபத்தை அழைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. ரத்னா பாடக் ஷாவும் ரஜத் கபூரும் ஒரே அறையில் உட்கார்ந்தாலே போதுமான பாரம் இருந்தது.

‘பிகு’ (2015) அந்தத் தவறைச் செய்யவில்லை. மலச்சிக்கலால் அவதிப்படும் வயதான தந்தை, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், டெல்லியிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கார்ப் பயணம், காரின் மேல் கட்டிய கழிப்பறை நாற்காலி. முதியவரைப் பார்த்துக்கொள்வது என்பது பாசத்தைவிட அதிகமாகத் தினசரி வேலை என்பதை ஜூஹி சதுர்வேதி எழுதிய வசனங்கள் அவ்வளவு லேசாகச் சொல்கின்றன. வீட்டில் பெரியவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம்.

தமிழுக்குத் திரும்பினால் சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ (2005). சிறு அச்சகம் நடத்தி இரண்டு மகன்களைப் படிக்கவைக்கும் முத்தையாவாக ராஜ்கிரண். அச்சு இயந்திரத்தின் ஓசை, மை, தீபாவளிச் செலவுக்காகக் கண்விழித்து அச்சடிக்கும் இரவு, கடன்காரருக்குப் பதில் சொல்லும் முகம் என்று முதல் பாதி ஒரு தொழிலை அப்படியே கண்முன் வைக்கிறது. அப்பாவின் பாசத்தை ஆர்டர், கூலி, வட்டி என்ற கணக்கிலேயே காட்டியதுதான் அதன் பலம். பிற்பகுதியில் முத்தையா மெல்ல மெல்ல மனிதரிலிருந்து வணங்கத்தக்க உருவமாகிவிடுகிறார். இசை முன்னால் வருகிறது, கண்ணீருக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. மூத்த மருமகளைப் பிளவுக்குக் காரணமாக வைத்ததும் சோம்பல்தான். அதே பிளவுக்கு வாடகையும் சம்பளமும் போதுமான காரணங்கள். படமும் மிக நீளம். இருந்தும் முதல் பாதிக்காக இதை விடக்கூடாது.

எம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (தமிழ்நாட்டில் 2015இல் வெளியானது) குழந்தைகளோடு பார்க்க மிகச் சரியான படம். தண்டவாளத்தோரம் சிதறும் நிலக்கரியைப் பொறுக்கி விற்று, 299 ரூபாய் பீட்சாவுக்குச் சேர்க்கும் இரண்டு சிறுவர்கள். எத்தனை நாள் கரி விற்றால் எவ்வளவு சேரும் என்ற கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பவரும் போடத் தொடங்கிவிடுவார். சிறையில் இருக்கும் கணவனை வெளியே கொண்டுவர அம்மா செலவழிப்பது ஒருபக்கம், விளம்பரத் தாளைப் பார்த்துத் தோசை மாவில் பாட்டி ‘பீட்சா’ சுடுவது ஒருபக்கம். பணம் சேர்ந்த பிறகும் கடைக்குள் விடமாட்டார்கள், நல்ல உடுப்பு வேண்டும் என்று தெரியும்போது படம் வேறொரு ஆழத்துக்கு இறங்குகிறது. அண்மையில் வந்த ‘குடும்பஸ்தன்’ (2025) கோயம்புத்தூரில் வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன்மேல் கடன் வாங்கும் இளைஞனைப் பற்றியது; சிரிப்புப் படமாக இருந்தாலும் மாதத் தவணையின் பயம் அதில் உண்மையாகவே இருக்கிறது.

வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் சில அமைப்புகளை மாற்றிக்கொள்வது நல்லது. ‘மகாநகர்’ நான்குக்கு மூன்று என்ற சட்டகத்தில் எடுத்த படம். தொலைக்காட்சி ‘ஜூம்’ அமைப்பில் இருந்தால் மேலும் கீழும் வெட்டிவிடும், ‘ஸ்ட்ரெட்ச்’ என்றால் முகங்கள் அகலமாகிவிடும். ஓர் அறையில் ஆறு பேர் நெருக்கியடிப்பதை ராய் உயரவாக்கில் அடுக்கிக் காட்டியிருக்கிறார், அது போய்விட்டால் வீட்டின் நெருக்கடியும் போய்விடும். இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் சரியான அமைப்பில் இருக்கிறது என்று பொருள். பழைய தமிழ்ப் படங்களை இணையத்தில் ஏற்றும்போது பல பதிப்புகளை அகலத்திரைக்காக ஏற்கெனவே வெட்டிவிடுகிறார்கள். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பதிப்பு கிடைத்தால் எழுத்து போடும் இடத்தைப் பாருங்கள், பெயர்கள் விளிம்பில் அறுந்திருந்தால் வேறு பதிப்புக்குப் போங்கள். ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ பார்க்கும்போது வசனத்தை மட்டும் தூக்கிக்கொடுக்கும் ஒலி அமைப்பை அணைத்துவிடுங்கள். அது பாத்திரச் சத்தத்தையும் தண்ணீர் சொட்டுவதையும் அமுக்கிவிடும். அந்தப் படத்தின் பின்னணி இசை அதுதான். அசைவை வழுக்கலாக்கும் ‘ஸ்மூத்’ அமைப்பு எந்தப் படத்துக்கும் வேண்டாம், எல்லாவற்றையும் தொடர் நாடகம்போல் ஆக்கிவிடும்.

வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்காரும் இரவென்றால் ‘காக்கா முட்டை’ அல்லது ‘பிகு’. பெரியவர்களுக்கு ‘சம்சாரம் அது மின்சாரம்’ ஏற்கெனவே பழக்கம். பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துவிட்டு, உமா வெளியேறியது சரியா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நள்ளிரவுவரை போகும். ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படுக்கையறைக் காட்சிகளும் கொண்டது என்பதால் வளர்ந்த பிள்ளைகளோடு மட்டும். ‘வீடு’ படத்தை ஞாயிறு மதியம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் பாருங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் வேலை முடிந்து குடிபோன பிறகு பார்ப்பது உத்தமம்.